குதிரைக்கு எல்கை தெரியாது

பந்தயம் முடிந்து வண்டிகள் சாலையோரமாக ஒதுங்கிக்கொண்டிருந்த நேரம். முதலில் வந்த வண்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. துண்டைச் சுழற்றுகிறவர்கள், சாரதியைத் தோளில் தூக்கி ஆடுகிறவர்கள், ஒலிபெருக்கியில் உரிமையாளரின் பெயரையும் ஊரையும் தொண்டை கட்டும் வரை சொல்கிறவர் என்று ஒரே ஆரவாரம். அங்கிருந்து நூறடி தள்ளி, ஒரு புளியமரத்து நிழலில், நான்காவதாக வந்த குதிரையை அவிழ்த்து நிறுத்தியிருந்தார் ஒரு பெரியவர். நான்காம் பரிசு கிடையாது. அதனால் அவர் பக்கம் யாரும் வரவில்லை.

அவருடைய வலது கை விரல்கள் குதிரையின் தாடை எலும்புக்கு அடியில் பதிந்திருந்தன. கண்கள் இடது மணிக்கட்டில் இருந்த பழைய கடிகாரத்தின் மேல் இருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன. ஏதோ மந்திரம் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனபோது தெரிந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“இருபத்தெட்டு” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பேரனிடம், “கழுத்துக்கு இன்னொரு வாளி ஊத்துய்யா” என்றார்.

என்ன எண்ணினீர்கள் என்று கேட்டேன். “நாடிதான் அப்பு. கால் நிமிஷம் எண்ணணும். நாலால பெருக்கிக்கணும். மாட்டு டாக்டர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது. பதினாறுக்கு இறங்கிட்டா அப்புறம் கவலையில்ல.”

“எல்கையைத்தான் தொட்டாச்சே, இனிமேல் என்ன கவலை?” என்று விவரம் புரியாமல் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குதிரையைத்தான் பார்த்தார். “எல்கை எங்கன்னு அதுக்குத் தெரியுமா? எனக்குல்ல தெரியும்.”

பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சொல் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருமயம் பக்கத்து ஊர்களில் எல்கைப் பந்தயம் என்றால் தனியாக விளக்கத் தேவையில்லை. எல்லை என்ற சொல்தான் எங்கள் வாயில் எல்கை ஆனது. பொங்கலுக்கு, கோயில் திருவிழாவுக்கு, சில ஊர்களில் பெரியவர் ஒருவரின் நினைவுக்கு என்று பந்தயம் நடக்கும். மாட்டில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று வகை பிரிப்பதுபோல் குதிரையிலும் பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை என்று பிரிப்பார்கள். தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்வார்கள், அதுவும் ‘போய்வர’ இத்தனை மைல் என்று. சாலையில் ஓரிடத்தில் கொடி நட்டிருக்கும். அதைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஜெயித்தால் உரிமையாளருக்குப் பணமுடிப்பு, சாரதிக்குக் கொடிப் பரிசு.

கொடியைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் பந்தயமே தொடங்குகிறது என்பார்கள் அனுபவசாலிகள். போகும்போது எல்லாக் குதிரையும் ஓடும். திரும்பி வரும்போதுதான் சாரதி யார் என்று தெரியும். போகும் வழியில் எவ்வளவு மிச்சம் பிடித்தான், எங்கே வாரைத் தளர்த்தினான், மேட்டில் குதிரையைத் தன் போக்கில் விட்டானா இல்லை சாட்டையைக் காட்டினானா என்ற கணக்கெல்லாம் கடைசி இரண்டு மைலில் வெளியே வந்துவிடும். மீதி எவ்வளவு தூரம் என்பது சாரதியின் மனத்தில் இருக்கிறது. குதிரையிடம் அந்தக் கணக்கு இல்லை. இந்த மைலுக்கு அடுத்து நிழலா, தண்ணீரா, இன்னும் ஐந்து மைலா என்று அதற்குத் தெரியாது. தெரியாமலேதான் ஒவ்வோர் அடியும் வைக்கிறது.

ஓட்டுகிறவன் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதைக் குதிரையின் உடம்பைக் கொஞ்சம் அறிந்தால்தான் விளங்கும். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும். முழு வேகத்தில் அதுவே 200ஐத் தாண்டும். நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு வாயால் மூச்சுவாங்க அதனால் முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் பெரிய துணை வியர்வை. கடும் வெயிலில் நெடுநேரம் ஓடினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்த்துக் கொட்டும். சேணம் உரசும் இடத்தில் சோப்பு நுரைபோல் வெள்ளையாகப் பொங்குவது அதுதான்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. நமக்கு வியர்க்கும்போது தண்ணீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் வெளியேறுகிறது. இரத்தத்தில் உப்பு மிஞ்ச, தாகம் எடுக்கிறது, சொம்பைத் தேடுகிறோம். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், உடம்பு வற்றியிருந்தும் அதற்குத் தாகம் எடுக்காமல் இருக்கலாம். வாளியை முகத்துக்கு நேரே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘அதுக்கு வேண்டாம் போல’ என்று நினைத்து வாளியை எடுத்துக்கொண்டு போகிறவன் பெரிய தப்பு செய்கிறான். தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதே தெரியாத நிலையில் நிற்கிறது அந்த உயிர். அதன் தாகத்தையும் சேர்த்து இன்னொருவர்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் ஒரு குதிரையிடம் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது. என் மாமா அறந்தாங்கியில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஆவுடையார்கோவில் போக வேண்டும், சுமார் 14 கிலோமீட்டர். சைக்கிளில் வந்த கூட்டாளி ஒருவன் ‘நீயா நானா பார்ப்போம்’ என்றான். மாமா வீட்டில் இல்லை. வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உச்சி வெயில். தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டியது. குதிரை நுரை தள்ளுவதைப் பார்த்தேன். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது. முடியாவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். ஊர் எல்லைக்கு அரை மைல் இருக்கும்போது முன்னங்கால் இரண்டும் மடங்கி அது சாலையில் முட்டி போட்டது. நான் தூக்கி எறியப்பட்டேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதற்கு இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரோ கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றினார்கள். யாரோ சைக்கிளில் போய் மாமாவைக் கூட்டிவந்தார்கள். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. ஈரச் சாக்கைக் குதிரையின் கழுத்தில் போர்த்தி, உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி அதன் உதட்டில் தடவிக்கொண்டே இருந்தார். அரைமணி கழித்து அது எழுந்து நின்றபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “எப்ப நிறுத்தணும்னு நெனச்சே?”

அது நிற்கும்போது நிறுத்தலாம் என்று நினைத்தேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி குதிரையோடு நடந்தார், அறந்தாங்கி வரைக்கும். நான் பின்னால் நடந்தேன். நான் செய்த தப்பு வேகமாக ஓட்டியது அல்ல என்பது அந்த நடையில்தான் மெல்ல உறைத்தது. குதிரை மறுக்கும் என்று காத்திருந்ததுதான் தப்பு. மறுக்கத் தெரியாத ஒன்றிடம் மறுப்பை எதிர்பார்த்திருக்கிறேன்.

ஆவுடையார்கோவிலுக்குக் குதிரை புதிதல்ல. பழைய திருப்பெருந்துறை அது. குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை, அமைச்சராக இருந்த வாதவூரர், பின்னாளைய மாணிக்கவாசகர், இங்கே சிவத்தொண்டில் செலவழித்துவிட்டார். இறைவனே குதிரை வணிகராக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிப் போனார். மாணிக்கவாசகரின் இந்தக் கதையைப் பாட்டிமார் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். சின்ன வயதில் எனக்கு அதில் நரி குதிரையானதுதான் வியப்பு. இப்போது வேறோர் இடத்தில் மனம் நிற்கிறது. வணிகர் குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு கைமாறிவிட்டால் அதன்பின் குதிரைக்கு என்ன ஆனாலும் கொடுத்தவருக்குப் பொறுப்பில்லை, வாங்கியவருக்கே என்பது வழக்கு. கயிற்றைப் பிடிப்பது என்றால் என்ன என்று அந்த வழக்கு சொல்லிவிடுகிறது. கயிறு யார் கையில் இருக்கிறதோ, உயிரும் அவர் கணக்கில்தான்.

புராணம் அப்படியிருக்க, வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேல் குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் 100கூட உயிரோடு மிஞ்சாது என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பலேறி, பொன்னைக் கொட்டி வாங்கப்பட்ட குதிரைகள் அவை. அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. பேணத் தெரிந்தவர்கள் வந்துவிட்டால் குதிரைகள் பிழைத்து வியாபாரம் படுத்துவிடும் என்று குதிரை வைத்தியர்கள் இங்கு வருவதை வணிகர்களே தடுத்தார்களாம். வாங்க வசதி இருந்தது, ஏற ஆசை இருந்தது, அறிய மட்டும் ஆளில்லை. கடல் கடந்து வந்த அந்தக் குதிரைகளில் எத்தனையோ இந்த மண்ணில்தான் புதைந்திருக்கும்.

நம்மைக் குறை சொல்லி முடித்துவிடுகிற விஷயமும் இல்லை இது. 1892ஆம் ஆண்டு பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஜெர்மானிய, ஆஸ்திரிய ராணுவ அதிகாரிகள் ஒரு நெடுந்தூரக் குதிரைப் போட்டி நடத்தினார்கள். தூரம் 550 கிலோமீட்டருக்கு மேல். 71 மணி நேரச் சொச்சத்தில் முதலில் வந்தவர் ஸ்டார்ஹெம்பெர்க் என்ற ஆஸ்திரியப் பிரபு. அவரைச் சுமந்துவந்த ஆத்தோஸ் என்ற குதிரை எல்லையைத் தொட்ட பின் செத்துப்போனது. வழியிலும் முடிவிலும் இன்னும் பல குதிரைகள் செத்தன. ஜெயித்தவருக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கப் போகும்போது அவர் நடந்துதானே போயிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தச் சாவுகளுக்கு ஐரோப்பா வெட்கப்பட்டது. வெற்றி என்ற சொல்லையே திருத்தி எழுதும் போட்டிகள் அதற்குப் பின் உலகில் தோன்றின. அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைப் போட்டியில் 100 மைலை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். வழிநெடுக மருத்துவர்கள் நிற்பார்கள். குதிரையின் நாடியைப் பார்ப்பார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு எவ்வளவு விரைவில் படிகிறது என்று பார்ப்பார்கள். ஈறை அழுத்தி நிறம் திரும்புவதைக் கவனிப்பார்கள். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குடல் சத்தம் கேட்பார்கள். கயிற்றைப் பிடித்து ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றில் குறை என்றாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நலமான குதிரையோடு நேரத்துக்குள் வந்து சேரும் எல்லோருக்கும், முதலாவது வந்தாலும் கடைசியாக வந்தாலும், ஒரே மாதிரி வெள்ளி இடைவார்க் கொக்கிதான். முதல் 10 பேரில் எந்தக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்று மறுநாள் பார்த்து அதற்கென்று தனிக் கோப்பையும் 1964 முதல் கொடுக்கிறார்கள். பன்னாட்டு நெடுந்தூரப் போட்டிகளில் குதிரையின் நாடி குறித்த நேரத்துக்குள் 64க்கு இறங்கியாக வேண்டும். புளியமரத்தடிப் பெரியவர் சொன்ன பதினாறை நாலால் பெருக்கினால் வருகிற எண்ணும் அதுதான்.

வண்டி பூட்டிய குதிரைகளுக்கும் வெளிநாடுகளில் இப்படி நெடும்பாதைப் போட்டிகள் உண்டு. அவற்றில் சிலவற்றில் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து நின்றால்கூட மதிப்பெண் குறையும். நிதானமும் ஒரு திறமை என்று அங்கே எண்ணிக் காட்டுகிறார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி இழுக்கும் விலங்குகளைப் பூட்டக் கூடாது, ஒரே மூச்சாக 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. எல்கைப் பந்தயத்தைக் காலை வெயில் ஏறுமுன் நடத்தும் வழக்கத்திலும் இந்தப் பரிவு கொஞ்சம் இருக்கிறது. எனக்கு ஓர் ஆசை உண்டு. நம் ஊர்ப் பந்தயங்களில் இன்னொரு கொடிப் பரிசு வேண்டும். பந்தயம் முடிந்து கால்மணி நேரம் கழித்து, அந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குதிரையின் நாடியையும் எண்ண வேண்டும். எது விரைவில் அடங்கியதோ அதன் சாரதியை மேடைக்குக் கூப்பிட்டு, அவருக்கும் துண்டு போர்த்த வேண்டும். பெரிய செலவில்லை. ஒரு கடிகாரமும் இரண்டு விரலும் போதும்.

எங்கள் மாவட்டத்தில் ஓடாத குதிரைகளும் நிறைய உண்டு. நமணசமுத்திரம் பக்கத்து அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாக நிற்கும் மண் புரவிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு முன் 33 அடி உயரத்தில் முன்னங்கால் தூக்கி நிற்கிறது ஒரு குதிரை. மாசி மகத்தன்று அதன் கழுத்திலிருந்து காகிதப்பூ மாலைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். ஊர்கூடிப் பிடிமண் கொடுத்து, வேளார் வனைந்து சுட்டு, கண் திறந்து, தோளில் சுமந்து போய் இறக்கும் புரவி எடுப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயல்வெளியில் அந்தக் குதிரைகளைத் தோளில் தூக்கி வரும் ஆட்கள் வியர்த்து விறுவிறுக்க, இடைக்கிடை இறக்கிவைத்து மூச்சு வாங்குவார்கள். ஆண்டில் அந்த ஒரு நாள் மனிதன் குதிரையைச் சுமக்கிறான். நம்மைச் சுமந்தவற்றுக்கெல்லாம் சேர்த்து நாம் திருப்பிக் கொடுக்கும் நடை அது என்று எனக்குத் தோன்றும்.

களைக்காத குதிரையைச் சாமிக்குக் கொடுத்துவிட்டோம். இரவு முழுக்க ஊரைக் காவல் சுற்றினாலும் அதற்கு வியர்க்காது. களைக்கும் குதிரைதான் நம் கைக்கு வந்திருக்கிறது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். கடிவாளத்துக்கு வாயைத் திறந்துவிட்ட பிறகு அது எதையுமே மறுப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

பெரியவரின் சொல்லுக்கு இப்போது வருகிறேன். எல்கை எங்கே என்று அதற்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதைக் குதிரையோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கயிறு நம் கையில் இருக்கிறது. நாம் போகச் சொல்லும் தூரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நம் முகத்தைப் பார்த்து ஓடுகிறது. கதிர் அறுக்கிற ஆளும், செங்கல் சுமக்கிற பெண்ணும் முடியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. வீட்டில் அம்மா தனக்குப் பசிக்கவில்லை என்பாள். தாகமே தெரியாமல் வாளியிலிருந்து முகத்தைத் திருப்பும் குதிரையை அறிந்த பிறகு, அந்தச் சொல்லை என்னால் அப்படியே நம்பிவிட முடிவதில்லை. ஏன், நம் உடம்பே நமக்குப் பூட்டிய குதிரைதானே. நாற்பது ஐம்பது வயது வரை கேட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது, ஒருநாள் முட்டி மடங்கி உட்காரும்போதுதான் அதன் கண்ணைப் பார்க்கிறோம்.

தூரம் அறிந்தவன்தான் ஓட்டத்துக்குப் பொறுப்பு. ஓடுகிறது ஓடுகிறது என்பதற்காக ஓட்டிக்கொண்டே இருப்பது அறிவும் ஆகாது, அன்பும் ஆகாது. எதிரே வருகிற கொடியைப் பார்க்க எல்லோருக்கும் கண் இருக்கிறது. இழுத்துவரும் உயிருக்குள் இருக்கும் இன்னொரு எல்கையை, அது தானாக ஒருபோதும் சொல்லாத எல்கையை, விரலால் தொட்டு அறிகிறவனைத்தான் சாரதி என்று சொல்ல வேண்டும்.

அன்று காலை புளியமரத்தடியில் கடைசிவரை நின்றேன். அந்தப் பக்கம் கொடிகள் கொடுத்து முடித்து, கூட்டம் கலைந்து, ஒலிபெருக்கியையும் இறக்கிவிட்டார்கள். இரண்டாவது முறை எண்ணியபோது இருபத்திரண்டு. பேரன் குதிரையை மெதுவாக நடத்திக் கூட்டிவந்தான். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் தவிட்டைக் கரைத்து நீட்டினார். முதலில் முகத்தைத் திருப்பிய குதிரை, பிறகு மூக்கை வைத்து முகர்ந்து, இழுத்துக் குடித்தது. அதன் தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் இறங்குவது வெளியே தெரிந்தது. அவர் மறுபடி தாடைக்கு அடியில் விரலை வைத்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உதட்டைப் பார்த்தேன்.

“பதினாறு” என்றார்.

அதன் பிறகுதான் பேரனிடம் கை நீட்டித் தனக்குத் தண்ணீர் கேட்டார்.